கால்டுவெல் கைக்கு எட்டாத ஏடுகள்

தமிழின் தனித்தன்மையை உலகறிய நாட்டியவர் என்று அறிஞர் கால்டுவெலைப் போற்றாத தமிழ் மேடை இல்லை. 1856இல் அவர் வெளியிட்ட திரவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தமிழ் வடமொழியின் கிளையன்று என்பதை ஐயத்திற்கிடமின்றி விளக்கிற்று. 1968இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலையும் எழுந்தது. ஆயின் அப் பெருமகனாரின் மற்றொரு பெரும்பணியைத் தமிழருட் பலர் மறந்தே போயினர். 1881இல் வெளிவந்த நெல்லை மாவட்ட வரலாறே அஃது. அந் நூலைப் புரட்டுவார்க்குப் பெருமிதமும் வருத்தமும் ஒருங்கே தோன்றும்.

அயர்லாந்தில் 1814இல் பிறந்த கால்டுவெல், 1838இல் சென்னையில் கரையிறங்கி, 1841இல் செம்மணல் தேரி சூழ்ந்த இடையன்குடியைத் தம் உறைவிடமாக்கிக்கொண்டவர். 1877இல் பேராயராக உயர்ந்தார். அவர் அறைக்குள் அமர்ந்து வரலாறு எழுதியவரல்லர்; கொற்கையிலும் காயலிலும் நிலத்தை அகழ்ந்து பார்த்து எழுதியவர். பண்டைக் கிரேக்கர் கொல்கி என்று குறித்த முத்துத்துறை கொற்கையே எனத் தெளிந்தார். பொருநை கொணர்ந்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியதையும், அதனால் கொற்கை கரையிழந்து துறை காயலுக்குப் பெயர்ந்ததையும், அதுவும் தூர்ந்தபின் தூத்துக்குடி தலையெடுத்ததையும் அவரே விளக்கினார்.

பெருமிதத்திற்குரியது இவ் உழைப்பு. வருத்தத்திற்குரியது அவர் கையிலிருந்த சான்றுகளின் வறுமை. பாண்டி நாட்டின் பழமையை எழுதப் புகுந்தவர்க்குக் கிரேக்கர் குறிப்பும், வெனிசு நகரத்து மார்க்கோபோலோவின் குறிப்பும், இலங்கையின் மகாவமிசமும் கிடைத்தன. பாண்டியன் தன் நாட்டைப் பற்றித் தானே பொறித்துவைத்தவற்றுட் பெரும்பாலானவை கிடைத்தில. அயலார் எழுதியது அச்சில் இருந்தது. தமிழர் எழுதியதோ ஓலையிலும் கல்லிலும் உறங்கிற்று.

அவ் வறுமையே பிழைக்கு வித்தாயிற்று. கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகப் பழையன கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளுக்கு முற்பட்டன அல்ல என்று கருதினார் கால்டுவெல். ஆரியத் தொடர்புக்கு முந்திய தமிழர்க்கு மரக்கலம் இருந்தது, அயல்நாட்டு வாணிகம் இல்லை என்று ஒப்பிலக்கணத்தில் எழுதினார். உயர் நாகரிகக் கூறுகளைத் தமிழர் பார்ப்பனரிடமிருந்தே பெற்றனர் என்றும் நம்பினார். அரசனையும் எழுத்தையும் ஓலைச்சுவடியையும் குறிக்கும் தூய தமிழ்ச் சொற்களையே சான்றாக நிறுத்தி, அவையெல்லாம் தமிழர்க்கு முன்பே உரியன என்று காட்டியவரும் அவரே. சொல்லைச் சான்றாகக் கொண்டவிடத்து அவர் வென்றார். ஏடு கிட்டாதவிடத்து இடறினார்.

பின்னர் நிகழ்ந்தவற்றைக் காண்க. மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகளை இராபர்ட்டு சீவெல் கண்டது 1882இல். நெல்லை வரலாறு வெளிவந்த மறு ஆண்டு! கொற்கை முத்தைப் பாடும் மதுரைக்காஞ்சியை உள்ளடக்கிய பத்துப்பாட்டு 1889இல் அச்சேறிற்று. 1891இல் கால்டுவெல் மறைந்தார். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியனைக் கூறும் சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் உ.வே.சாமிநாதையரால் வெளிவந்தன. கொற்கையில் 1968-69இல் தமிழக அரசு நடத்திய அகழாய்வின் கரிமக் கணிப்பு கி.மு. 785 என்று காட்டிற்று. சிவகளை நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பெற்றது. கால்டுவெல் தேடிய பழமை அவர் காலடியிலேயே புதைந்துகிடந்தது!

அவரை முழுதும் மறைநூலாகக் கொண்டு, அவர் கூறியதே முடிபென்பார் சிலர். அவர்தம் பிழைகளையே பொறுக்கி, அவர் நாட்டிய உண்மையையும் கவிழ்க்க முனைவார் வேறு சிலர். இரண்டும் அறிவுநெறியாகா. 1849இல் அவர் எழுதிய சிறுநூல் நெல்லைச் சீமையின் ஒரு பெருங்குடி மக்களைப் புண்படுத்தியதை மறைக்கவும் வேண்டா. அதனால் ஒப்பிலக்கணத்தின் பெருமை குன்றிவிடவும் இல்லை. குணமும் குற்றமும் நாடி மிகை கொள்வதே தமிழர் மரபு.

ஆயின் கால்டுவெலைக் குறைகூறும் தகுதி இற்றைத் தமிழர்க்கு உண்டா? அவர்க்கு ஏடு கிட்டவில்லை. இவர்க்கோ கிட்டியும் படிக்கப்பெறவில்லை. மாங்குளத்து எழுத்து தமிழே என்று 1924இல் விளக்கப்பெறும்வரை, கண்டெடுத்தபின்னும் 42 ஆண்டுகள் அது வாயற்றே கிடந்தது. ஊர்தோறும் படியெடுத்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் 1966இல் உதகையிலிருந்து மைசூருக்குப் போயின. பல்லாயிரம் படிகள் நூலாகாமலே அரை நூற்றாண்டு கடந்தது. அவற்றைச் சென்னைக்குக் கொணர்க என்று 2021இல் ஆணையிட உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை வேண்டியிருந்தது. இடையே, திருப்பணி என்னும் பெயரால் கோயிற் சுவர்களில் சுண்ணமும் வண்ணமும் பூசப்பட்டும், மணல்வீச்சுப் பொறியால் தேய்க்கப்பட்டும் அழிந்த எழுத்துகளுக்குக் கணக்கு யாரிடம் உண்டு?

தமிழ் தூயதாகுக என்று முழங்குவோர், தமிழ் பொறித்த கல்லையும் தூய்மையாகக் காத்தல் வேண்டும். தத்தம் ஊர்க் கோயிற் சுவரைப் படித்தறிக. வெளிவராத படிகளை வெளியிடுமாறு அரசை வற்புறுத்துக. வீட்டுப் பரண்மேல் செல்லரிக்கும் சுவடியை நூலகத்திற் சேர்க்க. அயலவர் ஒருவர் அகழ்ந்து தொடங்கிவைத்த வரலாற்றை மண்ணின் மக்கள் முடித்துவைப்பதே அவர்க்குச் செய்யும் நன்றிக்கடன். மாலை சிலைக்கு, உழைப்பே வரலாற்றுக்கு!