ஆடல் கற்பித்த அம்மையார்

சிலப்பதிகாரம் பயின்றோர் யாவரும் மாதவியை அறிவர். ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு ஆடலும் பாடலும் கற்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறியவள் அவள். அவள் ஆடிய ஆட்டத்தைக் கூறுமுன், அவளைப் பயிற்றிய ஆடலாசிரியனின் இலக்கணத்தை இளங்கோவடிகள் விரித்துரைக்கின்றார். ஆசானைக் கூறிய பின்னரே மாணவியைக் காட்டுதல் முறை என்பது அடிகளின் கருத்துப் போலும். ஆயினும் அவ்வாசானின் பெயர் யாது? காப்பியத்தில் அது காணப்படவில்லை. இலக்கணம் நின்றது, பெயர் மறைந்தது. இக்குறை இன்றும் நீங்கவில்லை என்பதே யாம் ஈண்டுக் கூற விழைவது.

மயிலையின் மாடவீதிகளில் நாள்தோறும் நடக்கும் நம்முள் எத்துணைப் பேர் கௌரி அம்மாள் என்னும் பெயரைக் கேட்டிருப்போம்? 1892-ஆம் ஆண்டு பிறந்து 1971-இல் மறைந்த இவ்வம்மையார், கபாலீசுவரர் கோயிலில் ஆடிய மகளிர் மரபில் இறுதியாக நின்றவர். பாட்டின் பொருளை முகத்தினும் விழியினும் கையினும் விளங்கச் செய்யும் அபிநயத்தில் தமக்கு நிகரற்று விளங்கினார். 1932-இல் சென்னை சங்கீத வித்வத் சபையில் இவரது ஆடல் நிகழ்ந்தது.

எனினும், இவரது பெருமை இவர் ஆடியதனோடு முடிந்துவிடவில்லை. உருசிய நாட்டுப் பாலே நடன மங்கை அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலால் தம் நாட்டு ஆடலை நாடிய ருக்மிணி தேவி, முதற்கண் பாடங் கேட்டது கௌரி அம்மாளிடமே. பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்று, 1935-இல் அடையாற்றில் அரங்கேறி, 1936-இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கிய அவர், அங்குக் கற்பிக்குமாறும் இவ்வம்மையாரை அழைத்துக்கொண்டார். பாலசரஸ்வதி சிறுமியாயிருந்தபோது ஆடலில் வேட்கை கொண்டது கௌரி அம்மாளின் ஆட்டத்தைக் கண்டேயாம்; அபிநயமும் அவரிடம் பயின்றார். அக்கலையைப் பின்னாளில் அமெரிக்காவரை கொண்டு சென்றவர் பாலசரஸ்வதி.

இவற்றினும் வியப்புக்குரியதொன்றுண்டு. 1928-இல் பிறந்த கலாநிதி நாராயணன் இளமையில் கௌரி அம்மாளிடம் அபிநயம் கற்றார்; சில ஆண்டுகள் ஆடினார்; பின்னர் இல்லறம் புகுந்து ஏறத்தாழ முப்பதாண்டு ஆடலை விட்டிருந்தார். 1973-இல், ஆசிரியர் மறைந்து ஈராண்டு கழிந்த பின்னர், கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் அபிநயம் பயின்றோர் பலராவர். 1985-இல் அவருக்குப் பத்மபூஷண் விருதும் வழங்கப்பெற்றது. முப்பதாண்டு மண்ணுள் கிடந்த வித்து, விதைத்தவர் காணாக் காலத்தில் முளைத்தது. ஆசிரியத் தொழிலின் இயல்பே இதுவன்றோ?

அங்ஙனமாயின், இத்தகையோரை நாடு எவ்வாறு போற்றியது? இங்கு யாம் ஓர் உண்மையை மறையாது கூறுதல் வேண்டும். 1890-களில் இவ்வாடலுக்கு எதிராகக் குரல் எழுப்பியோருள் இந்து சமயச் சீர்திருத்தக்காரரும் இருந்தனர். எம் கிறித்தவச் சபைகளின் போதகரும் இருந்தனர். இளஞ்சிறுமியரை அவர்தம் விருப்பமறியாது கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுதல் கொடுமையே. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுத்தது நன்றே. ஆனால், வழக்கத்தின் மேல் எழுந்த சினம் அவ்வழக்கத்திற்கு ஆட்பட்ட மகளிர் மேலும் பாய்ந்தது. கலையை வேண்டிப் பெற்றுக்கொண்ட ஊர், அதனைக் கொடுத்தவரைத் தன் முற்றத்தில் அமர்த்தத் தயங்கிற்று. கௌரி அம்மாள் முதுமையில் வறுமையுற்றார். தீமையை வெறுத்து மாந்தரை நேசித்தல் வேண்டுமெனத் திருமறையில் பயின்ற நாம், இவ்விடத்துத் தவறினோம் என ஒப்புக்கொள்ளுதல் இழுக்காகாது.

‘ஆசிரியர் மாணாக்கரிடத்தே வாழ்கின்றார், பெயர் எதற்கு?’ என வினவுவார் உளர். கலை பெயரின்றியும் வாழும் என்பது மெய்யே. ஆனால் நன்றி பெயரின்றி வாழாது. பாவ்லோவாவுக்குப் பயிற்சியளித்த இத்தாலியர் செக்கெட்டியின் பெயரால் 1922-இல் இலண்டனில் ஒரு கழகமே தோன்றிற்று. அவரது பாலே முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நம் நாட்டிலோ, பந்தநல்லூர் வழி, வழுவூர் வழி என நட்டுவனார் வழிகள் ஊர்ப் பெயரால் நின்றன. அபிநயம் கற்பித்த அம்மையாருக்கோ அவ்வாறு வழங்கும் வழியும் இல்லை.

ஆதலின் யாம் வேண்டுவது சிலையன்று, பொருட்செலவுமன்று. நம் கல்லூரி விழாக்களில் ஆடல் நிகழாத ஆண்டில்லை. நிகழ்ச்சித் தாளில் ஆடுவோர் பெயரைப் பெரிதாக அச்சிடும் நாம், கற்பித்தவர் பெயரை விட்டுவிடுகின்றோம். இனி, கற்பித்தவர் பெயரையும், அவருக்குக் கற்பித்தவர் பெயரையும் ஈரடியில் அச்சிடுவோமாக. அங்ஙனம் பின்னோக்கிச் செல்லின், அவற்றுட் சில தாள்களிலேனும் மயிலையின் கௌரி அம்மாள் பெயர் வந்து நிற்கும். அவ்வீரடிக்கு இடமில்லையெனில், நம் பெயர்களைச் சற்றே சிறிய எழுத்தில் அச்சிடலாம்.