தேயிலை, வரி, தராசு

"டத்தோ பஹாமான் ஏன் ஆங்கிலேயரை எதிர்த்தார்?" இடைநிலைப்பள்ளியில் இந்தக் கேள்விக்கு நான் மனனம் செய்த விடையின் முதல் வரி, 'வரி வசூலிக்கும் உரிமை பறிபோனது' என்பது. அதற்கு ஒரு மதிப்பெண். தமிழ்ப்பள்ளியிலிருந்து போன எனக்கு மலாய் மொழியில் வரலாறு படிப்பதே பெரும்பாடு. ஆகவே அந்த வரியின் பொருளைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. வரி என்றால் காசு, காசு போனால் கோபம், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

பல்கலைக்கழகத்திற்கு வந்து அமெரிக்கப் புரட்சியைப் படித்தபோதுதான் அந்தக் கணக்கு தப்பு என்று தெரிந்தது. 1773 டிசம்பர் 16ஆம் நாள் இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு முதலில் தோன்றியது, 'ஐயோ, எத்தனை பேர் கிள்ளிய கொழுந்து!' என்பதுதான். அதில் பெரும்பகுதி சீனாவின் போஹியா வகை. 1929இல் ஜே. ஏ. ரசல் எங்கள் மலையில் தொடங்கிய 'போ' தோட்டத்தின் பெயரும் அந்தப் போஹியாவிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், அந்த ஆண்டு வந்த தேயிலைச் சட்டம் விலையை ஏற்றவில்லை, இறக்கியது! விற்காமல் தேங்கிக் கிடந்த சரக்கைக் கிழக்கிந்தியக் கம்பெனி நேரடியாக அனுப்பி மலிவாக விற்க வழி செய்தது. ஆனால் 1767ஆம் ஆண்டுச் சட்டத்தில் விதித்த வரி, ராத்தலுக்கு மூன்று பென்ஸ், அப்படியே இருந்தது. மலிவான தேநீரை யாராவது வேண்டாம் என்பார்களா? அவர்கள் வேண்டாம் என்றார்கள். அந்த வரியை விதித்த லண்டன் நாடாளுமன்றத்தில் அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. மலிவு என்று வாங்கிவிட்டால், 'எங்களைக் கேட்காமல் நீங்கள் வரி போடலாம்' என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். (இதே கம்பெனிதான் 26 ஆண்டுகள் கழித்துக் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது. அங்கும் சச்சரவு கிஸ்தியில்தான் தொடங்கியது.)

தேயிலையைக் கொட்டியதால் மட்டும் புரட்சி வந்துவிடவில்லை. 1774இல் லண்டன் ஆத்திரப்பட்டுப் பாஸ்டன் துறைமுகத்தை மூடியது, மாசசூசெட்ஸ் மக்களின் சுயாட்சியைக் குறைத்தது. மற்ற குடியேற்றங்கள் பாஸ்டனுக்கு உணவு அனுப்பின. ஊருக்கு ஊர் கடிதக் குழுக்கள் முன்பே இருந்தன. ஓரிடத்துச் செய்தி அவற்றின்வழி மற்ற இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 12 குடியேற்றங்களின் பேராளர்கள் பிலடெல்பியாவில் கூடினார்கள். அடுத்த ஏப்ரலில் துப்பாக்கி வெடித்தது. 1776 ஜூலையில் விடுதலைப் பிரகடனம். விடுதலை பேசியவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி நம் பகாங். 1888இல் ஆங்கிலேய ரெசிடெண்ட் வந்தார். பெருந்தலைவர்கள் வசூலித்துவந்த வரி நின்றது, கைக்கு ஓர் உதவித்தொகை வந்தது. காட்டுப் பொருளை எடுப்பதற்கும் அனுமதி கேட்கும் நிலை வந்தது. 1891 டிசம்பரில் செமந்தானில் பஹாமான் எழுந்தார். பின்னர் தொக் காஜாவும் அவர் மகன் மாட் கிலாவும் சேர்ந்துகொண்டார்கள். 1895 வாக்கில் எல்லாம் அடங்கியது.

இது புரட்சியாகாமல் போனது ஏன்? அது வெறும் பிரபுக்களின் வருமானச் சண்டை என்று சிலர் ஒதுக்குவார்கள். நான் உடன்படவில்லை. ஊர்மக்கள் துணையில்லாமல் அத்தனை காலம் காட்டில் தாக்குப்பிடிக்க முடியுமா? எனக்குத் தெரிகிற குறை வேறு. 1831இல் நானிங்கில் டோல் சைட், 1875இல் பேராக், 1891இல் பகாங், 1915இல் கிளந்தானில் தொக் ஜங்குட். எல்லாவற்றிலும் வரி இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் தனியாக எழுந்தார்கள், தனியாகவே அடக்கப்பட்டார்கள். பாஸ்டனுக்கு வாய்த்த கடிதக் குழு இங்கே யாருக்கும் வாய்க்கவில்லை.

விடுமுறையில் இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். பாட்டி முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். வரியைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தராசைப் பற்றிச் சொன்னார். மழை நாளில் இலை ஈரமாக இருக்கும் என்று கூடைக்கு இத்தனை கிலோ கழிப்பார்களாம். எவ்வளவு கழிப்பது என்பது மண்டோர் வைத்ததுதான் சட்டம். தராசின் முகமோ அவர் பக்கம் திரும்பியிருக்கும்.

"ரெண்டு கிலோ கழிச்சா கழிச்சிட்டுப் போறான், தம்பி. முள்ளு எங்க நிக்குதுன்னு எங்க கண்ணுக்குக் காட்டலாம்ல?"

நான் மனனம் செய்த விடையில் இல்லாதது அந்தக் கேள்வியில் இருந்தது. "அப்புறம் என்ன செஞ்சீங்க, பாட்டி?" என்றேன்.

"ஒருத்தி கேட்டப்ப அவள வேற மலைக்கு மாத்திட்டாங்க. அடுத்த மழைக்கு நாங்க எல்லாரும் சேந்து கூடைய எறக்காம நின்னோம். மேல் லயம், கீழ் லயம், ரெண்டும். மொத நாள் ராத்திரியே சொல்லி வெச்சிருந்தோம்."

"தராசத் திருப்பினாங்களா?"

"இலை வாடிப்போகும்ல? திருப்பாம என்ன செய்வான்," என்று சொல்லிவிட்டுத் தேநீர் கலக்கப் போனார்.