வெடித்த பிறகு ஓடுவதா?

2024 செப்டம்பர் 30 அன்று ரஜினிகாந்த் சென்னை அப்போலோவில் சேர்ந்ததும் ஊரே பதறியது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டாவில் வீக்கம். நெஞ்சைத் திறக்காமல், ரத்தக்குழாய் வழியாகவே ஸ்டென்ட் வைத்து வீக்கத்தை அடைத்தார்கள். சில நாளில் வீடு திரும்பினார். அது முன்பே திட்டமிட்ட சிகிச்சை என்பதைத்தான் பலர் கவனிக்கவில்லை.

இதே வியாதி வண்டலூரில் ஒரு ரிட்டயர்டான லாரி டிரைவருக்கு வயிற்றுப் பகுதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கே தெரியாது. பெரும்பாலும் வலியே இருக்காது. குழாய் உப்பிக்கொண்டே போய் ஒருநாள் வெடிக்கும். முதுகிலும் வயிற்றிலும் பொறுக்க முடியாத வலி. "வாயுப் பிடிப்பா இருக்கும்" என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அப்புறம்தான் ஆம்புலன்ஸ். சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில்!

வெடித்தவர்களில் பத்துக்கு எட்டு பேர் பிழைப்பதில்லை. பலர் ஆஸ்பத்திரி வாசலைக்கூட பார்ப்பதில்லை. முன்கூட்டியே சரிசெய்தால் இறப்பவர்கள் நூற்றுக்குச் சிலரே.

"ஆபரேஷனே ஆபத்தாச்சே?" நியாயமான கேள்விதான். அதனால்தான் சின்ன வீக்கத்தை டாக்டர்கள் தொடுவதில்லை, அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனிக்கிறார்கள். ஆண்களுக்குப் பொதுவாக 5.5 செ.மீ. ஆனால்தான் ஆபரேஷன் பேச்சு. ஆனால் அளந்து பார்த்தால்தானே அது தெரியும்?

ஐன்ஸ்டீன் 1955-ல் இறந்ததும் இது வெடித்துத்தான். அன்று இந்த வைத்தியம் தவழ்ந்துகொண்டிருந்தது. இன்று அந்தச் சாக்கு செல்லாது.

இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களை இலவச ஸ்கேனுக்கு அழைக்கிறார்கள். இங்கே 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்தது. அது நல்ல காரியம். அதோடு, 65 தாண்டிய, பீடி சிகரெட் பழக்கம் இருந்த ஆண்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வயிற்று ஸ்கேன் எடுக்கட்டும். நெஞ்சுக்குள் இருப்பது அதில் தெரியாதுதான், வயிற்றில் இருப்பது தெரியும். கத்தி இல்லை, ஊசி இல்லை, சில நிமிட வேலை.

லாரிக்கு எஃப்.சி. இல்லாவிட்டால் ஜிஎஸ்டி ரோட்டில் மடக்கி நிறுத்துகிறார்கள். முப்பது வருஷம் அந்த லாரியை ஓட்டிய மனிதருக்கு ஒரு எஃப்.சி. கிடையாதா?