மாணவர் ஆய்வும் முதியோர் நலனும்

விழா மலர்களிலே பழைய மாணவரை வாழ்த்துதலும் அவர்தம் கொடையைப் போற்றுதலும் மரபு. அம்மரபுக்கு யாம் மாறானவர் அல்லேம். ஆயினும், நரைத்த தலையினராய் விழாவுக்கு வந்து, மண்டபப் படியேற ஒரு துணை தேடி நிற்கும் அப்பெரியோருக்கு இன்றைய மாணவர் செய்யும் கைம்மாறு யாது என வினவுதலும் எமது கடனாகும்.

இலங்கையில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர், குடிசன மதிப்பீட்டின்படி 2012ஆம் ஆண்டில் நூற்றுக்கு 7.9, 2024ஆம் ஆண்டில் 12.6. பிள்ளைகள் கடல்கடந்து வாழ, பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் எம்மூர்களிற் பல. அங்கே கருவிகளுக்குக் குறைவில்லை. எமக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் வீட்டில், மகன் அனுப்பிய கைத்தொலைபேசியும் இரத்த அழுத்தமானியும் அலுமாரியில் உறங்கக் கண்டோம். காரணம் வினவினோம். "எழுத்துச் சிறிது தம்பி, தொட்டால் வேறெங்கோ போகிறது, ஆரைக் கேட்பது?" என்றார். கருவி செய்தோர் அவர்போன்ற ஒருவரிடம் முன்னரே கேட்டிருப்பின் அது அலுமாரிக்குச் சென்றிராது.

இக்குறையை நீக்க மாணவர் வல்லரோ எனின், வல்லர். நியூயோர்க் மாணவர் கென்னத் ஷினோசூக்கா, மறதிநோயுற்ற தம் பாட்டனார் இரவில் எழுந்து அலைவதைக் கண்டு, காலுறையிற் பொருத்தும் உணர்கருவி ஒன்றை அமைத்தார். பாதம் நிலத்தில் ஊன்றியதும் பராமரிப்பவரின் கைத்தொலைபேசி எச்சரிக்கும். 2014ஆம் ஆண்டில் அதற்குப் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 15. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1999ஆம் ஆண்டு தொடங்கிய 'ஏஜ்லாப்' ஆய்வுகூடத்திலே, மூட்டுக்களை இறுக்கும் பட்டிகளும் பார்வையை மாற்றும் கண்ணாடியும் கொண்ட ஆடையை இளையோர் அணிந்து, முதுமையின் இடரைத் தம் உடலாலேயே அறிகின்றனர். ஆய்வு முதியவரின் அருகிலேயே தொடங்கவேண்டும் என்பதை இவை உணர்த்தும்.

பரீட்சைக்கு இது உதவாது என்பர் சிலர். கட்டிலினின்று இறங்கியதும் தானே எரியும் விளக்கைச் செய்யும் மாணவன் மின்சுற்றைக் கற்கிறான். மருந்து வேளையைத் தமிழிற் கூறும் செயலியை எழுதுபவன் கணினியையும் தமிழையும் ஒருங்கே கற்கிறான். விளக்கு அற்பமன்று. உலகில் ஆண்டுதோறும் விழுந்து மாள்வோர் ஏறத்தாழ 684,000 பேர் என்றும், அவருள் 60 வயதைக் கடந்தோரே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறும்.

ஆதலின் எமது வேண்டுகோள் இது: கல்லூரி விஞ்ஞான மன்றத்தின் ஒவ்வொரு குழுவும் ஓராண்டுக்கு ஒரு பழைய மாணவரை நாடுக. அவர் இசைவின்றி எதனையும் அளத்தலாகாது. அவர் நோயைப் பிறர்க்கு உரைத்தலும் ஆகாது. செய்த கருவி தேறியதா என்பதை அப்பெரியவரே கூறுக.

பழைய மாணவப் பெரியீர், உங்கள் கதவைத் திறந்து வையுங்கள். மாணவர்காள், குறிப்பேட்டுடன் செல்லுங்கள், முதலிற் கேளுங்கள், பின்னர்ச் செய்யுங்கள்.