மைதானத்தில் இந்தப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும்!

2024-ல் பாரிஸ் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டிகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேர் பதக்கம் வென்றார்கள். காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் பாட்மின்டனில் வெள்ளி. நமது திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாஸ் அதே பிரிவில் வெண்கலம். ஓசூர் நித்யஸ்ரீ சுமதி சிவன் இன்னொரு பிரிவில் வெண்கலம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுவதில் வெண்கலம். சர்க்கார் பரிசளித்தது. பத்திரிகைகள் படம் போட்டன. உழைக்கும் மக்களும் மகிழ்ந்தார்கள்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டிலோ, பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கூலி விவசாயி வீட்டிலோ, கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளி வீட்டிலோ பிறந்த, கால் வழங்காத ஒரு பிள்ளை விளையாட்டுப் பீரியடில் என்ன செய்கிறது?

மரத்தடியில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளின் செருப்புக்கும் பைக்கும் காவல் இருக்கிறது. "நீ உட்காரம்மா, உனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த இரக்கத்தின் பெயரால் பறிபோவது அந்தப் பிள்ளையின் உரிமை. பெண் பிள்ளையாக இருந்துவிட்டாலோ, கேட்பதற்கே ஆள் கிடையாது.

உரிமை என்று சும்மா சொல்லவில்லை. சட்டத்திலேயே இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, கல்வியோடு விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மற்றவர்களுக்குச் சமமாக வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது. 30-வது பிரிவு, இவர்கள் பங்குபெறும்படி விளையாட்டுத் திட்டங்களையும் வசதிகளையும் மாற்றியமைத்து, அதற்குப் பணமும் ஒதுக்கவேண்டும் என்கிறது. 2011 ஜனக்கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். சட்டம் இவர்களுக்காகத்தான் எழுதப்பட்டது. மரத்தடி வரைக்கும் அது வந்து சேரவில்லை.

மாரியப்பனையே பாருங்கள். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாயார் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். அந்தச் சிறுவனை "நீ உட்கார்" என்று சொல்லாமல், "தாண்டிப் பார்" என்றவர் அவனுடைய பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில் ஊனமில்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றான். 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அதன்பின் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்.

இதில் நாம் கற்கவேண்டிய பாடம் என்ன? தனிமனித வீரத்தைப் புகழ்ந்துவிட்டுப் போவதல்ல. ஒரு பள்ளியில் ஒரு ஆசிரியர் இருந்தார், மைதானம் இருந்தது, வாய்ப்புக் கிடைத்தது. இந்த மூன்றும் கிடைக்காமல் மரத்தடியிலேயே இருந்துவிட்ட மாரியப்பன்கள் எத்தனை பேர்? எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்கவேண்டும் என்பதில்லை. பதக்கமே வாங்காத பிள்ளைக்கும் ஓடியாடும் உரிமை உண்டு.

இந்த உண்மையை உலகம் கண்டது ஒரு யுத்தத்தின் முடிவில். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939-ல் இங்கிலாந்து வந்த யூத டாக்டர் லுட்விக் குட்மன், முதுகெலும்பில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் செய்தார். அந்நாளில் அப்படிப்பட்டவர்களைப் படுக்கையில் போட்டுவிட்டு, சாவுக்குக் காத்திருப்பதே வழக்கம். குட்மன் அவர்களை எழுப்பி உட்காரவைத்தார்; கையில் பந்தையும் வில்லையும் கொடுத்தார். 1948 ஜூலை 29-ந் தேதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேர் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரி மைதானத்தில் வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். 1960-ல் ரோம் நகரில் நடந்த முதல் பாராலிம்பிக் அதில் முளைத்ததுதான்.

நம் நாட்டிலும் முன்னோடி உண்டு. 1965 யுத்தத்தில் குண்டடிபட்டுக் கால்கள் செயலிழந்த சிப்பாய் முரளிகாந்த் பேட்கர், 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது. அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2018-ல். 46 ஆண்டுகள்! பதக்கம் வென்றவருக்கே இந்த நிலை என்றால், மரத்தடியில் இருக்கும் பிள்ளை எத்தனை காலம் காத்திருப்பது?

"இதெல்லாம் கோடிக்கணக்கில் செலவாகும் காரியம், கிராமத்துப் பள்ளிக்கு ஆகுமா?" என்று சிலர் கேட்கலாம். தறிக்காரர்களே பதில் சொல்லுங்கள்: உட்காரும் பலகையை ஆளின் உயரத்துக்குத் தக்கபடி மாற்றுகிறோமா, பலகைக்குத் தக்கபடி ஆளின் காலை வெட்டுகிறோமா? விளையாட்டும் அப்படித்தான். பிள்ளையை ஆட்டத்துக்காக ஒதுக்கக்கூடாது. ஆட்டத்தைப் பிள்ளைக்காக மாற்றவேண்டும்.

வாலிபால் வலையை இறக்கிக் கட்டித் தரையில் உட்கார்ந்து ஆடலாம். அப்படியே பாராலிம்பிக்கில் ஆடுகிறார்கள். பார்வையில்லாத பிள்ளைகளுக்கு, உள்ளே மணி ஒலிக்கும் பந்து போதும். காது கேளாத பிள்ளைக்கு ஓட்டம் தொடங்க விசிலுக்குப் பதில் கொடியை அசைத்தால் போதும். சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இரண்டு முறை தரையில் படலாம் என்பது சர்வதேச விதி. கொடிக்கும் மணிக்கும் கோடி ரூபாயா ஆகும்?

வெளியே தெரியாத நோயுள்ள பிள்ளைகளின் பிரச்னை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டியது. இங்கே இரண்டு பக்கமும் ஆபத்து. ஆஸ்துமா உள்ள பிள்ளையை ஒன்று, ஒரேயடியாக உட்காரவைத்துவிடுகிறார்கள். அல்லது "சோம்பேறி" என்று திட்டி மூச்சிரைக்க ஓடவைக்கிறார்கள். இரண்டும் தவறு. மெதுவாக உடலைச் சூடேற்றி, டாக்டர் சொன்ன மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, நடுநடுவே ஓய்வு கொடுத்தால் அந்தப் பிள்ளையும் ஆடலாம். புழுதி பறக்கும் மைதானத்தில் முதலில் தண்ணீர் தெளிக்கவேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு ஆட்டத்துக்கு முன் ஏதாவது சாப்பாடும், பக்கத்தில் சர்க்கரையும் இருக்கவேண்டும். வலிப்பு வரும் பிள்ளை தனியாகக் கிணற்றிலோ குளத்திலோ இறங்கக்கூடாது, உயரத்தில் ஏறக்கூடாது. தரையில் ஆடுவதற்குப் பெரும்பாலும் தடையில்லை. இருதய நோயுள்ள பிள்ளை எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை டாக்டர் எழுதித் தரவேண்டும். "விளையாடக்கூடாது" என்ற ஒரு வரிச் சீட்டு போதாது.

ஆட்டம் அவர்களுக்கு வேடிக்கை மட்டுமல்ல. அசையாத மூட்டு இறுகிப் போகும்; வேலையில்லாத தசை மெலியும். உடலை அசைக்க மற்றவர்களைவிட இவர்களுக்கே அதிகத் தேவை. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல், ஊனமுள்ள 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷம் உடலுழைப்பு பெறவேண்டும் என்று கூறியது. நம் பள்ளிகளிலோ, பரீட்சை நெருங்கினால் விளையாட்டுப் பீரியடையே கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார்!

குற்றத்தை ஆசிரியர் தலையில் கட்டிவிட்டு நழுவ முடியாது. 2012-ல் தமிழ்நாடு சர்க்கார் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தது. பின்னர் அது கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தாலும், பணி நிரந்தரத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. அரைச் சம்பளத்துக்கு அரை நாள் வேலை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் உடலையும் அறிந்து பயிற்சி கொடு என்றால் எப்படி முடியும்? இந்தப் பிள்ளைகளின் உரிமையும் அந்த ஆசிரியர்களின் உரிமையும் ஒரே கயிற்றில் கட்டியவை.

எனவே நாம் கோருகிறோம்:

உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்கள் முழுநேரமாக, நிரந்தரமாக நிரப்பப்படவேண்டும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான பயிற்சி முறை சம்பளத்தோடு கற்றுத் தரப்படவேண்டும்.

2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. அந்தக் குழு, நோயுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த ஆட்டம் ஆகும், எது ஆகாது என்று எழுதி, பெற்றோர் சம்மதத்தோடு உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுக்கவேண்டும்.

வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வகுப்பறையோடு நின்றுவிடாமல் மைதானத்துக்கும் வரவேண்டும். மைதானத்துக்குச் சாய்வுப் பாதையும், பெண் பிள்ளைகளும் சக்கர நாற்காலிப் பிள்ளைகளும் பயன்படுத்தக்கூடிய கழிவறையும் வேண்டும்.

தொழிலாளிகளே, விவசாயக் கூலிகளே! உங்கள் பங்கும் இதில் உண்டு. பிள்ளையின் குறையை வீட்டுக்குள் மறைத்து வைக்காதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை, அந்தக் கூட்டத்துக்குப் போய், "என் பிள்ளை விளையாட்டுப் பீரியடில் என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூலி உயர்வு கேட்கும் சங்கம், உறுப்பினரின் பிள்ளைக்கு மைதானத்தில் இடம் கேட்கக் கூச வேண்டியதில்லை.

இயந்திரத்தில் விரலைப் பறிகொடுத்த தோழனை "இனி நீ ஆகாதவன்" என்று முதலாளி ஒதுக்கும்போது நாம் ஒப்புக்கொள்வதில்லை. நம் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் ஒதுக்கும்போது மட்டும் ஏன் ஒப்புக்கொள்ளவேண்டும்?

மரத்தடியில் செருப்புக்குக் காவல் இருக்கும் கடைசிப் பிள்ளையும் எழுந்து ஆட்டத்தில் சேரும் வரை இந்தக் கோரிக்கை ஓயக்கூடாது!