வாசலும் கொல்லையும்

போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் மட்டன் குருமா சாப்பிட்டேன். தப்பு. மத்தியானமே சமைத்து, அண்டாவோடு மூடி வைத்து, ராத்திரி ஒன்பது மணிக்கு ‘சூடா இருக்கு சார்’ என்று பரிமாறிய குருமா. மறுநாள் காலை பத்து மணிக்கு மானேஜர் இந்தக் காலாண்டின் இலக்கு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, என் இலக்கு ஒன்றே ஒன்று. வராண்டா கடைசியில் இருக்கும் அந்தக் கதவு.

சாயங்காலம் டாக்டர். “பதிமூணு மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சிருக்கு. காய்ச்சல் இல்லை. பெர்ஃப்ரிஞ்சன்ஸா இருக்கலாம்” என்று ஒரு பாக்டீரியாவின் பெயரைச் சொன்னார். “அது விடற விஷம் உங்க குடல் செல்களை ஒட்டியிருக்கிற சிமென்ட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டை போடும்” என்றவர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

குடலில் சிமென்ட்டா? லீவு போட்டுப் படுத்திருப்பவனுக்குப் படிக்கத்தானே நேரம். படித்தேன்.

நம் குடலின் உள்சுவர் ஒரே ஒரு வரிசை செல்கள்தான். உயரம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 50-ல் ஒரு பங்கு. அந்தப் பக்கம் குருமா, இந்தப் பக்கம் ரத்தம். நடுவே முக்கியமான காவல் இதுதான். செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் சந்து இருந்தால் நாம் காலி. சந்து அடைபட்டிருப்பதை 1963-ல் ஃபார்க்வாரும் பலாடேயும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார்கள். எதை வைத்து அடைத்திருக்கிறது என்று தெரிய 35 வருஷம் ஆயிற்று.

ஜப்பானில் சுகிதா என்பவரின் குழு கோழி ஈரலிலிருந்து தேடியது. (எனக்குக் கோழி ஈரல் என்றால் மிளகு போட்டு வறுக்கத்தான் தெரியும்.) 1993-ல் ஆக்லூடின் என்று ஒரு புரதம் கிடைத்தது. அதுதான் சிமென்ட் என்று பார்த்தால், அதை அடியோடு நீக்கின பிறகும் சுவர் பாட்டுக்கு நிற்கிறது! சோர்ந்துவிடாமல் மறுபடி அதே ஈரல். 1998-ல் கிடைத்ததுதான் கிளாடின். லத்தீனில் ‘மூடு’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். மனிதனிடம் இருபதுக்கும் மேற்பட்ட கிளாடின்கள் உண்டு. அதில் இரண்டு மூன்றைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டுதான் என் குருமா விஷம் உள்ளே துளை போடுமாம்.

சிமென்ட் மட்டும் போதுமா? வீடு என்றால் வாசல், கொல்லை வேண்டும். குடல் செல்லுக்கும் அப்படியே. உணவைப் பார்த்த பக்கம் வாசல், ரத்தத்தைப் பார்த்த பக்கம் கொல்லை. சர்க்கரையையும் உப்பையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் புரதம் வாசலில். உப்பை வெளியே தள்ளும் பம்ப் கொல்லையில். பம்பைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டால் சாப்பாடு உடம்பில் சேராது, வந்த வழியே போகும்.

எது வாசல் என்று செல்லுக்கு யார் சொன்னது? இதற்குத் துப்பு கொடுத்தது ஒரு சின்னப் புழு. அதன் கரு முதல் தடவை பிரியும்போது ஒன்று பெரிசு, ஒன்று சிறிசாகப் பிரியும். சில ஜீன்கள் கெட்டால் சரிபாதியாகப் பிரிந்து, கரு செத்துப் போகும். 1988-ல் கெம்ஃப்யூஸ் குழு இவற்றுக்கு வைத்த பெயர் ‘பார்’. விரித்தால், பாகப்பிரிவினைக் கோளாறு! நம்மூர் சப்-கோர்ட்டில் கேட்ட மாதிரி இல்லை?

நம் செல்லிலும் அதே பங்காளிச் சண்டைதான். பார்-3, பார்-6 கோஷ்டி வாசலில். ஸ்க்ரிபிள், எல்.ஜி.எல். கோஷ்டி கொல்லையில். எல்.ஜி.எல். வாசல் பக்கம் வந்தால் அங்கிருக்கும் என்ஸைம் அதன் மேல் பாஸ்பேட்டை ஒட்டித் துரத்திவிடும். இவர்களும் பதிலுக்கு அவர்களைக் கொல்லைக்கு விடுவதில்லை. எல்லைக் கோட்டில் சிமென்ட். இரண்டு தரப்பும் சமாதானமாகிவிட்டால்தான் ஆபத்து. பழ ஈயின் புழுவில் ஸ்க்ரிபிளை நீக்கினால், ஒரு வரிசையாக நிற்க வேண்டிய செல்கள் திசை தெரியாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கட்டியாகின்றன. இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் கிருமி, செல்லுக்குள் ஊசி போட்ட மாதிரி ஒரு புரதத்தைச் செலுத்தி பார்-1-ஐ முடக்குகிறது என்று 2007-ல் கண்டுபிடித்தார்கள்.

வாசல் ஒழுங்காக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1971. பங்களாதேஷ் அகதிகள், வங்காளத்தில் பங்காவ் முகாம், காலரா. சலைன் பாட்டில் தீர்ந்துவிட்டது. காலரா விஷம் செல்லிலிருந்து தண்ணீரைக் கொட்ட வைக்குமே தவிர, வாசலில் இருக்கும் சர்க்கரை-உப்பு ஜோடிக் கதவைத் தொடாது. டாக்டர் திலீப் மஹாலனபிஸ் அந்தக் கதவை நம்பினார். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை டிரம்மில் நிரப்பி, உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். என் தலைமாட்டில் இருந்த பாக்கெட் அவர் கரைத்ததன் பேரன்தான்.

“ஏங்க, ஒரு லிட்டருக்கு ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்புன்னு நானே கரைச்சிருப்பேனே, எதுக்கு பாக்கெட்டு?” என்றாள் மனைவி. அளவு சரிதான். தலைதட்டிய டீஸ்பூன் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடல் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதுசாக முளைக்குமாம். ஆகவே அந்தக் குருமாவைச் சந்தித்த செல்களில் அநேகமாக ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. புதுசுகளுக்கு விவரம் தெரியாது. இன்று சாயங்காலம் இன்னொரு ரிசப்ஷன். தயிர் சாதம் இருக்கா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டேன்.