பம்பை மாற்றினால் போதுமா?

ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்ததும் டர்போ கார் திணறுகிறதா? பம்பை மாற்று! முக்கால்வாசிப் பேர் சொல்லும் வைத்தியம் இதுதான். காய்ச்சல் என்றாலே ஊசி போடுகிற கதை.

2005-இல் வந்த மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 9 காரையே எடுத்துக்கொள்வோம். ரெகுலேட்டருக்குப் போகும் வாக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு ஐடிலிங்கில் பார்த்தால் பெட்ரோல் அழுத்தம் சுமார் 3 பார். டர்போ 1.3 பார் பூஸ்ட் கொடுக்கும்போது அது 4.3 ஆக ஏற வேண்டும். இன்ஜெக்டரின் மறுமுனையில் காற்று எதிர்த்துத் தள்ளுகிறதே! அந்தச் சின்ன ஹோஸ் கிழிந்திருந்தால் அழுத்தம் ஏறாது. பெட்ரோலைத் தள்ள மிஞ்சுவது 1.7 பார்தான். புது பம்ப் வந்து என்ன செய்யும்?

ஹோஸ் நன்றாக இருக்கிறதா? அடுத்தது கரண்ட். இந்தக் காரில் லோடு குறைவாக இருக்கும்போது ஒரு ரெசிஸ்டர் வழியாகத்தான் பம்புக்கு கரண்ட் போகும். லோடு ஏறியதும் ரிலே முழு வோல்ட்டேஜைக் கொடுக்க வேண்டும். ரிலே மக்கர் செய்தால் நல்ல பம்பும் நோஞ்சான்தான். வோல்ட்டேஜ் சரி, ஃபில்டரிலும் அடைப்பில்லை, ரெகுலேட்டரும் ஒழுங்கு என்றால் அப்புறம் பம்பைச் சந்தேகப்படலாம்.

இதைவிட மோசம், ஐடிலிங்கில் மட்டும் பார்த்துவிட்டு "பிரஷர் ஓகே" என்று அனுப்பி வைப்பது. பூஸ்ட்டில் பெட்ரோல் குறைந்தால் நாக்கிங் வரும், பிஸ்டன் உடையும், சில சமயம் உருகியே போகும். ஒரு கேஜ் விலை எங்கே, ஒரு இன்ஜின் விலை எங்கே? முதலில் லோடில் வைத்து அளக்கட்டும். அதற்கப்புறம் ஸ்பானரைத் தொடட்டும்!